டேப்லெட் ஒப்பீட்டில் விடுபடும் இரண்டு வரிகள்: மலிவா, பிரீமியமா என்று முடிவெடுப்பதற்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டேப்லெட் வாங்கப் போகிறவர்கள் போடும் ஒப்பீடுகள் ஏறத்தாழ ஒரே மாதிரி இருக்கும். ஒரு பக்கம் பன்னிரண்டாயிரம் ரூபாய்க் கருவி, இன்னொரு பக்கம் முப்பத்தைந்தாயிரம் ரூபாய் ஐபேட். நடுவில் திரையின் அளவு, ரேம், கேமரா, பேட்டரி. பல வரிகளில் மலிவான கருவியே முந்தி நிற்கும். ரேம் கூடுதல், மெமரி கார்டு போடலாம், விலையோ மூன்றில் ஒரு பங்கு. பிறகு எதற்கு மூன்று மடங்கு பணம் கொடுக்க வேண்டும் என்பது நியாயமான கேள்விதான். ஆனால் அந்தப் பட்டியலில் இரண்டு வரிகள் விடுபட்டிருக்கும்: இந்த நிறுவனம் இந்தக் கருவியை இன்னும் எத்தனை ஆண்டு கவனித்துக்கொள்ளும்? இதில் அதற்கு வருமானம் எங்கிருந்து வருகிறது? ஒப்பிடும்போது நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் கேட்காமல் விடுவதால் வருபவை.

விலையை வாங்கும் நாளோடு நிறுத்திவிடுவது

கருவியின் விலையை அது உழைக்கப்போகும் ஆண்டுகளால் வகுத்துப் பாருங்கள். ஏழாம் தலைமுறை ஐபேட் 2019 செப்டம்பரில் வந்தது. இந்தியாவில் தொடக்க விலை 29,900 ரூபாய். ஆண்டுதோறும் அதற்குப் புதிய இயங்குதளம் கிடைத்துவந்தது. 2025-இல் ஐபேட்ஓஎஸ் 26 வந்தபோதுதான் அது பட்டியலிலிருந்து விலக்கப்பட்டது. ஆறு ஆண்டு என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு ஐயாயிரம் ரூபாய் ஆகிறது. பத்தாயிரம் ரூபாய் டேப்லெட் ஒன்றுக்கு இரண்டே ஆண்டில் புதுப்பிப்புகள் நின்றுபோனால் அதற்கும் ஆண்டுக்கு அதே ஐயாயிரம்தான். நான்கு ஆண்டு கிடைத்தால் செலவு பாதியாகிறது. அப்போது மலிவான கருவிதான் ஜெயிக்கிறது.

இந்தக் கணக்கைச் சொல்லி ஐபேடைப் பரிந்துரைப்பவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். அதே ஏழாம் தலைமுறை ஐபேடுக்குள் இருந்தது 2016-இல் ஐபோன் 7-உடன் வந்த ஏ10 சிப். தொடக்க மாடலின் சேமிப்பிடம் வெறும் 32 ஜிபி. புதுப்பிப்பு கிடைப்பது வேறு, கருவி சுறுசுறுப்பாக ஓடுவது வேறு. புதிய இயங்குதளத்தை இறக்கவே படங்களையும் வீடியோக்களையும் அழித்து இடம் தேட வேண்டிய கருவிக்குக் கடைசி ஓரிரு ஆண்டுகளை நான் பாதி மதிப்பில்தான் எண்ணுவேன்.

இன்னொரு பெரிய பிழை, ஆண்டுகளை வாங்கிய நாளிலிருந்து எண்ணுவது. நிறுவனத்தின் கடிகாரம் அந்த மாடல் சந்தைக்கு வந்த நாளிலேயே ஓடத் தொடங்கிவிடுகிறது. நான்கு ஆண்டு ஆதரவுள்ள கருவியை அது வெளிவந்து இரண்டரை ஆண்டு கழித்துத் தள்ளுபடியில் வாங்கினால் உங்கள் கையில் மிஞ்சுவது ஒன்றரை ஆண்டுதான். பெயரை வைத்தும் ஏமாந்துவிடக் கூடாது. சாம்சங் கேலக்ஸி டேப் எஸ்6 லைட் என்ற ஒரே பெயரில் 2020, 2022, 2024 என மூன்று முறை வெவ்வேறு சிப்புகளோடு கருவிகள் வந்திருக்கின்றன. ஆன்லைன் கடையில் "எஸ்6 லைட், பெருந்தள்ளுபடி" என்று பார்த்தால் அது எந்த ஆண்டுப் பதிப்பு என்பதை மாடல் எண்ணைக் கொண்டு உறுதிசெய்துகொண்ட பிறகே பணம் கட்ட வேண்டும்.

ஒரு மாடலுக்குக் கொடுத்த வாக்குறுதியை நிறுவனத்தின் வாக்குறுதியாக எடுத்துக்கொள்வதும் இதே வகைதான். 2024-இல் கேலக்ஸி டேப் எஸ்10 வரிசைக்கு ஏழு தலைமுறை ஆண்ட்ராய்டு தருவதாகச் சாம்சங் அறிவித்தது. அந்த அறிவிப்பு அதே நிறுவனத்தின் எல்லா மலிவு மாடல்களுக்கும் தானாகப் பொருந்திவிடாது. நீங்கள் வாங்கப்போகும் மாடலின் பெயர் அந்த வாக்கியத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

கடையிலேயே இதைச் சோதிக்கலாம். காட்சிக்கு வைத்திருக்கும் டேப்லெட்டை எடுத்து அமைப்புகளுக்குள் சென்று, 'டேப்லெட் பற்றி' என்ற பகுதியைத் திறந்து, ஆண்ட்ராய்டு பதிப்பைத் தொடுங்கள். பாதுகாப்புப் புதுப்பிப்பு என்று ஒரு தேதி தெரியும். காட்சிக் கருவி பல மாதம் இணையத்தோடு சேராமல் கிடந்திருக்கலாம் என்பதால், உங்கள் கைப்பேசி இணையத்தில் அதை இணைத்து, புதிய புதுப்பிப்பு இருக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் ஓராண்டுக்கு முந்தைய தேதியே நின்றால் அந்தக் கருவியை நிறுவனம் மறந்துவிட்டது என்று பொருள். விற்பனையாளர் சொல்லும் எந்த உறுதிமொழியையும்விட அந்தத் தேதிக்கு நான் அதிக மதிப்புக் கொடுப்பேன்.

புதுப்பிப்பு நின்ற மறுநாளே டேப்லெட் செத்துவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். 2013-இல் வந்த ஆண்ட்ராய்டு கிட்கேட்டுக்குக் கூகுள், செயலிகள் பின்னணியில் சார்ந்திருக்கும் தன் பிளே சேவைகளை நிறுத்தியது 2023-இல்தான். வீடியோ பார்க்கவும் பாடநூல் படிக்கவும் பழைய கருவி இன்னும் பல காலம் போதும். வங்கிச் செயலியையும் முதன்மை மின்னஞ்சலையும் மட்டும் அதில் வைக்காதீர்கள்.

விற்பவர் எதில் சம்பாதிக்கிறார் என்று கேட்காமல் விடுவது

2011 இறுதியில் அமேசான் தன் முதல் கிண்டில் ஃபயர் டேப்லெட்டை 199 டாலருக்கு விற்றது. அப்போது ஐபேடின் தொடக்க விலை 499 டாலர். அடுத்த ஆண்டு புதிய ஃபயர் கருவிகளை அறிமுகப்படுத்தியபோது அமேசான் நிறுவனர் ஜெஃப் பெசோஸ் தங்கள் வழியை வெளிப்படையாகவே சொன்னார்: மக்கள் கருவியை வாங்கும்போது அல்ல, அதைப் பயன்படுத்தும்போதுதான் சம்பாதிக்க விரும்புகிறோம். இந்த ஒரு வாக்கியம் அந்தக் கருவியின் எல்லாக் குணங்களையும் விளக்கிவிடுகிறது. ஆண்ட்ராய்டை மாற்றியமைத்த இயங்குதளம், கூகுள் பிளே ஸ்டோர் இல்லை, அமேசானின் சொந்தச் செயலிக் கடை, முகப்பில் அமேசானின் புத்தகங்களும் படங்களும், பின்னர் வந்த விலைகுறைந்த பதிப்புகளில் பூட்டுத் திரையிலேயே விளம்பரம். அமேசானின் சேவைகளிலேயே வாழ்பவருக்கு அது நல்ல பேரம். கூகுள் செயலிகள் வேண்டும் என்பவருக்கு அந்த 199 டாலர் மலிவே இல்லை.

ஆப்பிள் எதிர்த் திசையில் போகிறது. கருவியிலேயே லாபம் வைக்கிறது. அதோடு நிற்பதும் இல்லை. 2025-இல் வந்த ஏ16 ஐபேடின் 128 ஜிபி மாடல் 34,900 ரூபாய், 256 ஜிபி மாடல் 44,900. கூடுதல் 128 ஜிபிக்குப் பத்தாயிரம் ரூபாய்! மெமரி கார்டு போட வழியே இல்லை. எழுதவும் வரையவும் வேண்டுமென்றால் இருப்பதிலேயே விலைகுறைந்த ஆப்பிள் பென்சில் 7,900 ரூபாய்க்கு அறிமுகமானது. அதில் அழுத்தத்துக்கேற்பக் கோடு தடிக்கும் வசதி கிடையாது. 2022-இல் பத்தாம் தலைமுறை ஐபேட் யூஎஸ்பி-சி துளையோடு வந்தது, ஆனால் அதோடு வேலை செய்த பென்சிலோ பழைய லைட்னிங் முனை கொண்டது. சார்ஜ் செய்யத் தனியாக ஓர் இணைப்பி தேவைப்பட்டது. சாம்சங்கின் எஸ்6 லைட்டில் பேனா பெட்டிக்குள்ளேயே வருகிறது. ஓவியம் பழகும் கல்லூரி மாணவிக்கு ஒப்பீடு செய்யும்போது வெறும் கருவிகளின் விலையை எதிரெதிரே வைப்பது அர்த்தமில்லாதது. பேனா, உறை, விசைப்பலகை, தேவையான சேமிப்பிடம் எல்லாவற்றையும் சேர்த்த பிறகு வரும் தொகைகளை ஒப்பிட வேண்டும்.

விலையை முதலில் நிர்ணயித்துவிட்டு அதற்குள் கருவியை அடக்க முயன்றால் என்ன ஆகும் என்பதற்கு இந்தியாவிலேயே உதாரணம் உண்டு. 2011 அக்டோபர் 5 அன்று அன்றைய மனிதவள மேம்பாட்டு அமைச்சர் கபில் சிபல் வெளியிட்ட ஆகாஷ் டேப்லெட், டேட்டாவிண்ட் நிறுவனம் தயாரித்தது. அரசுக்கு அது கிடைத்த விலை 2,300 ரூபாய்க்கும் குறைவு. மாணவர் கையில் கணினி என்ற நோக்கத்தில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் உள்ளே இருந்தது 366 மெகாஹெர்ட்ஸ் சிப், 256 எம்பி ரேம், விரலை அழுத்தினால்தான் உணரும் பழைய வகைத் தொடுதிரை. ஒரு பக்கத்தைத் திறக்கவே காத்திருக்க வைக்கும் கருவியில் மாணவன் எதைப் படிப்பான்? அடுத்த ஆண்டே அதிகத் திறனோடு ஆகாஷ் 2 வர வேண்டியதாயிற்று.

விலை உயர்ந்தால் ஆதரவும் நீளும் என்று நம்பிவிடுவது

மலிவுக் கருவிகளைப் பற்றி எச்சரிக்கும் கட்டுரைகள் இந்தப் பக்கத்தைப் பெரும்பாலும் தொடுவதில்லை. எச்பி டச்பேட் 2011 ஜூலை 1 அன்று அமெரிக்காவில் 499 டாலருக்கு, அதாவது ஐபேடின் அதே விலைக்கு வந்தது. ஆகஸ்ட் 18 அன்று அதைக் கைவிடுவதாக நிறுவனம் அறிவித்தது. ஏழே வாரம். பிறகு 99 டாலருக்குத் தள்ளிவிட்டார்கள். கூட்டம் அள்ளிக்கொண்டு போனது. மைக்ரோசாஃப்டின் சர்ஃபேஸ் ஆர்டியும் 2012-இல் 499 டாலரில்தான் தொடங்கியது. இயங்குதளத்தின் பெயரில் விண்டோஸ் இருந்தும் வழக்கமான விண்டோஸ் மென்பொருள்களை அதில் நிறுவ முடியாது. மறு ஆண்டே 90 கோடி டாலரை அதன் பேரில் நட்டமாக எழுத வேண்டிவந்தது. விண்டோஸ் 10 அதற்கு வரவே இல்லை.

கூகுளின் போக்கும் கவனிக்கத்தக்கது. 2012-இல் ஆசுஸ் தயாரிப்பில் 199 டாலருக்கு நெக்சஸ் 7-ஐ விற்றது, 2019-இல் இனிச் சொந்தமாக டேப்லெட் செய்யப்போவதில்லை என்றது, 2023-இல் 499 டாலர் பிக்சல் டேப்லெட்டோடு திரும்பி வந்தது. டேப்லெட் ஒரு நிறுவனத்துக்கு முதன்மைத் தொழிலா, ஓரத்தில் நடத்தும் சோதனையா என்பதைப் பார்க்க வேண்டும். தொடர்ச்சியாக ஆண்டுக்கு ஆண்டு அதே வரிசையில் புதிய மாடல் வருகிறதா என்பது நல்ல அடையாளம். திடீரென்று பாதி விலைக்கு வந்து நிற்கும் பொருளைக் கண்டால், இது தள்ளுபடியா, கடையைக் கட்டும் விற்பனையா என்று ஒரு நிமிடம் யோசியுங்கள்.

பெயர் தெரியாத கருவிகள் தனிக் கதை. பேட்பாக்ஸ் என்ற மோசடி வலையை 2023-இல் ஹியூமன் செக்யூரிட்டி என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினார்கள். தொழிற்சாலையிலிருந்து வரும்போதே தீய மென்பொருளோடு வந்த மலிவு ஆண்ட்ராய்டு டிவி பெட்டிகளோடு ஒரு டேப்லெட்டும் அதில் சிக்கியது. பிளே ஸ்டோரின் அமைப்புகளில் 'பற்றி' பகுதியின் கீழே, இந்தக் கருவி கூகுளின் பாதுகாப்பு ஏற்பாடான பிளே புரொடெக்டின் சான்று பெற்றதா என்று எழுதியிருக்கும். சான்று இல்லையென்றால் குழந்தையின் கையில்கூடக் கொடுக்காதீர்கள்.

பட்டியலின் எண்களை அப்படியே நம்புவது

எட்டு கோர், அதாவது சிப்புக்குள் கணக்கிடும் எட்டுப் பகுதிகள், என்பதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஹீலியோ ஜி99 போன்ற சிப்புகளில் வேகமானவை இரண்டே. மற்ற ஆறும் மின்சாரம் சேமிக்கும் சிறியவை. "16 ஜிபி வரை ரேம்" என்றால் அதில் பாதி, சேமிப்பிடத்திலிருந்து கடன் வாங்கும் மெய்நிகர் ரேமாக இருக்கலாம். சேமிப்பிடத்தின் வகையைத்தான் முதலில் தேட வேண்டும். இஎம்எம்சி என்றால் யூஎஃப்எஸ் வகையைவிட மிக மெதுவானது. நிரம்ப நிரம்ப இன்னும் தள்ளாடும். முதல் நெக்சஸ் 7 இரண்டு மூன்று ஆண்டில் நகர மறுத்ததற்கு அதன் மட்டமான சேமிப்பிடம் முக்கியக் காரணம்.

திரை எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் வீடியோ திருட்டைத் தடுக்கும் வைட்வைன் ஏற்பாட்டின் எல்3 நிலை மட்டுமே உள்ள கருவியில் நெட்ஃபிளிக்ஸ் 480பி தரத்துக்கு மேல் ஓடாது. எல்1 வேண்டும்.

எதிர்ப் பக்கமும் உண்டு. ஐபேடுக்கு எல்லாச் செயலியும் இருக்கும் என்று நம்புகிறோம். வாட்ஸ்அப்பும் இன்ஸ்டாகிராமும் ஐபேடுக்கென்று செயலி தந்தது 2025-இல்தான். வைஃபை மட்டும் உள்ள ஐபேடில் ஜிபிஎஸ் கிடையாது. சிம் போட்ட ஐபேடில் சாதாரணத் தொலைபேசி அழைப்பு செய்ய முடியாது. சிம் போடும் பல மலிவு ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகளில் முடியும். கண் மங்கிய தாத்தாவுக்குப் பெரிய எழுத்தில் ஒரு தொலைபேசி வேண்டுமென்றால், மலிவுக் கருவிதான் சரியான தேர்வு.

பழுதுபார்ப்பைக் கடைசியில் நினைப்பது

ஆப்பிள் சேவை மையங்களில் உடைந்த ஐபேடுக்குப் பெரும்பாலும் முழுக் கருவியையே மாற்றித் தருகிறார்கள், அதற்கேற்ற கட்டணத்தில். ஆனால் ஒரு நுணுக்கம்: விலைகுறைந்த சாதாரண ஐபேடில் மேல் கண்ணாடியும் உள்ளிருக்கும் திரையும் ஒட்டப்படாமல் தனித்தனியாக இருப்பதால், வெளிக்கடைகளில் கண்ணாடியை மட்டும் மாற்றிவிட முடிகிறது. ஏர், புரோ வகைகளில் இரண்டும் ஒட்டியிருக்கும். உடைந்தால் இரண்டும் போகும். விலை ஏற ஏறப் பழுதுச் செலவும் ஏறுகிறது.

மலிவுக் கருவிகளில் பிரச்சினை வேறு. கைப்பேசிகளுக்காக ஊருக்கு ஊர் சேவை மையம் வைத்திருக்கும் நிறுவனம் என்பதற்காக, டேப்லெட்டின் திரை அங்கே கையிருப்பில் இருக்கும் என்று முடிவுகட்ட வேண்டாம். வாங்குவதற்கு முன்பே உங்கள் மாவட்டத் தலைநகரில் உள்ள மையத்துக்குத் தொலைபேசியில் அழைத்து, மாடல் பெயரைச் சொல்லி, திரை மாற்ற எவ்வளவு ஆகும், எத்தனை நாள் ஆகும் என்று கேளுங்கள். பதிலில் தொகை வந்தால் நல்லது. "சென்னைக்கு அனுப்பிப் பார்க்க வேண்டும்" என்று இழுத்தால், அந்தக் கருவிக்கு ஆண்டுக் கணக்குப் போடும்போது முதல் விழுகையோடு அதன் ஆயுள் முடிவதாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து வயதுக் குழந்தைக்கு வாங்குவதாக இருந்தால் அந்தக் கணக்கிலும் மலிவுக் கருவியே லாபமாக வரலாம்.

ஆன்லைனில் வாங்கினால் திருப்பித் தரும் கெடுவுக்குள், பெட்டி பிரித்த அன்றே, பாதுகாப்புப் புதுப்பிப்பின் தேதி, பிளே புரொடெக்ட் சான்று, நெட்ஃபிளிக்ஸ் செயலியின் அமைப்புகளில் தெரியும் வைட்வைன் நிலை, உண்மையான ரேம், மாடல் எண் ஆகியவற்றைப் பார்த்துவிடுங்கள். ஏதாவது ஒன்று விளம்பரத்தோடு ஒத்துப்போகவில்லையென்றால் திரையைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு, கெடு முடிவதற்குள் திருப்பி அனுப்பிவிடுங்கள்.