முதலில் காலண்டர், பிறகு தீவு: தோட்டத்து ஊர்க் குடும்பங்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் எங்கள் சுங்கை சிப்புட் போன்ற ஊரில் யாராவது "தீவுக்குப் போகலாம்" என்று வாய் திறந்தால் போதும், பேச்சு உடனே பெயர்களில் இறங்கிவிடும். மாமா லங்காவி என்பார். கல்லூரியில் படிக்கும் பிள்ளை கைப்பேசியில் படம் காட்டி பெர்ஹெந்தியான் என்பான். பாட்டி, "பங்கோர் போதும், அம்மனையும் கும்பிட்டுவிட்டு வரலாம்" என்பார். மூவர் சொல்வதும் சரிதான், ஆனால் ஒரே மாதத்தில் சரியாக இருக்காது. பெயரில் தொடங்கும் குடும்பங்கள் வாட்ஸ்அப் குழுவிலேயே சண்டை போட்டு, கடைசியில் வழக்கம் போல் கேமரன் மலைக்குப் போய்விடுகின்றன.

முதன்முறையாகத் தீவு விடுமுறைக்குத் திட்டமிடுபவர்களுக்காக இதை எழுதுகிறேன். எந்தத் தீவு அழகு என்ற கேள்வியைக் கொஞ்ச நேரம் ஓரமாக வைத்துவிடுங்கள்.

படி 1: விடுமுறை எந்த மாதம் என்று முடிவு செய்யுங்கள்

தீபாவளி, டிசம்பர் பள்ளி விடுமுறை, தைப்பூசம். நம் குடும்பங்களில் எல்லாருக்கும் ஒன்றாக லீவு கிடைக்கும் காலம் பெரும்பாலும் இதுதான். மலேசியாவின் கிழக்குக் கரைத் தீவுகள் கதவடைக்கும் காலமும் ஏறக்குறைய இதுவே.

வடகிழக்குப் பருவமழை நவம்பரில் தொடங்கி மார்ச் வரை நீடிக்கும். அந்த மாதங்களில் தென்சீனக் கடலிலிருந்து வரும் காற்று கிளந்தான், திரெங்கானு, பகாங் கரைகளில் நேராக மோதும். அலை உயரும், படகுகள் ஓடா. பெர்ஹெந்தியான், ரெடாங், காப்பாஸ் தீவுகளின் விடுதிகளில் பெரும்பாலானவை பூட்டிக் கிடக்கும். தியோமானில் சில திறந்திருக்கலாம். ஆனால் படகு எப்போது வரும், எப்போது திரும்பும் என்பதைக் கடல்தான் தீர்மானிக்கும். நவம்பரில் இணையத்தில் யாராவது பெர்ஹெந்தியான் அறையைப் பாதி விலைக்குக் கூவி விற்றால், எதற்காக அந்த விலை என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

மேற்குக் கரையின் கதை வேறு. வடகிழக்கிலிருந்து வரும் மழையைத் தித்திவங்சா மலைத்தொடர் பெருமளவு தடுத்துவிடுகிறது. தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் சுமத்ரா தீவு குறுக்கே நிற்கிறது. அதனால் பங்கோரும் லங்காவியும் ஆண்டு முழுவதும் திறந்திருக்கும். லங்காவியில் டிசம்பர் முதல் மார்ச் வரை நல்ல வெயில். செப்டம்பரும் அக்டோபரும் அங்கே மழை அதிகமான மாதங்கள்.

ஆகவே உங்கள் லீவு நவம்பருக்கும் பிப்ரவரிக்கும் இடையில் என்றால் மேற்கு. ஏப்ரலிலிருந்து செப்டம்பருக்குள் என்றால் கிழக்கு. தீபாவளி அக்டோபர் பின்பாதியில் வரும் ஆண்டுகளில் கிழக்கே சில விடுதிகள் திறந்திருக்கும். ஆனால் பணியாளர்கள் மூட்டை கட்டத் தொடங்கிய இடத்துக்கு முதன்முறைப் பயணமாகப் போவதில் எனக்கு உடன்பாடில்லை.

படி 2: எந்தக் கடல் வேண்டும்?

தொலைக்காட்சி விளம்பரத்தில் வரும் கண்ணாடி போன்ற நீர் எல்லாத் தீவிலும் கிடைக்காது. பங்கோருக்குப் போய்விட்டு "தண்ணீர் பச்சையாகக் கலங்கியிருக்கிறது" என்று குறைபட்டுக்கொள்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மலாக்கா நீரிணை ஆழம் குறைந்தது, ஒடுங்கியது. கரையோரம் சேறும் அலையாத்திக் காடும். ஆறுகள் ஓயாமல் வண்டலைக் கொண்டுவந்து கொட்டுகின்றன. நம் ஊர்ப் பக்கம் ஓடும் பிளஸ் ஆறும் பேராக் ஆற்றில் கலந்து அந்த நீரிணையில்தான் சேர்கிறது. மழை பெய்த மறுநாள் அந்த ஆறு என்ன நிறத்தில் ஓடும் என்பது உங்களுக்கே தெரியும்.

கடலுக்குள் முகம் அமிழ்த்திப் பவளப்பாறையும் வண்ண மீனும் பார்க்க வேண்டும் என்றால் கிழக்குத் தீவுகள்தான். பெர்ஹெந்தியான், ரெடாங், தியோமான் ஆகியவற்றைச் சுற்றியுள்ள கடல் பாதுகாக்கப்பட்ட கடல் பூங்கா. அங்கே மீன் பிடிக்கவோ பவளத்தை உடைக்கவோ கூடாது, பூங்காக் கட்டணமும் உண்டு. பெர்ஹெந்தியானிலும் ரெடாங்கிலும் பச்சை ஆமைகள் முட்டையிடக் கரையேறும். ஆண்டின் நடுப்பகுதியில் போனால் பார்க்கும் வாய்ப்பு அதிகம். ஆனால் ஆமைக்கு முன்னால் கைப்பேசி வெளிச்சம் அடிக்கக் கூடாது என்று பிள்ளைகளிடம் புறப்படும் முன்பே சொல்லிவையுங்கள்.

நீந்துவதைவிட மணலில் உட்கார்ந்திருப்பது, காலை நனைப்பது, மாலையில் சூரியன் கடலில் இறங்குவதைப் பார்ப்பது ஆகியவைதான் உங்களுக்கு வேண்டும் என்றால் மேற்குக் கரை குறைந்தது அல்ல. சூரியன் கடலில் மறையும் காட்சிக்கு மேற்கே போவதுதான் முறை. லங்காவி இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. நீரிணையின் வடக்கு வாயிலில், அந்தமான் கடலை ஒட்டி இருப்பதால் பங்கோரைவிடத் தெளிவாக இருக்கும். ஆனாலும் பவளம் பார்க்க அங்கிருந்து படகேறி பாயார் தீவுக்குத்தான் போக வேண்டும்.

பெயரில் 'தீவு' இருப்பதாலேயே ஏமாந்துவிடாதீர்கள். சிலாங்கூரில் இருக்கும் கேரித் தீவு பெரும்பாலும் செம்பனைத் தோட்டம். லீவு போட்டுவிட்டுப் போய் மீண்டும் செம்பனையைப் பார்ப்பதற்கு வீட்டுப் பின்வாசலே போதும். கெத்தாம் தீவுக்குப் போனால் நண்டு சாப்பிடலாம், கடற்கரை கிடையாது.

படி 3: படகுத்துறை வரை எப்படிப் போவீர்கள்?

தீவின் தொலைவைப் பார்க்காதீர்கள், படகுத்துறையின் தொலைவைப் பாருங்கள்.

பங்கோருக்கு லூமுட். நம் பக்கத்திலிருந்து ஈப்போ வழியாக இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். பிறகு சிறிது நேரப் படகுப் பயணம். அது ஊர்ப் பயணிகள் ஏறும் சாதாரணப் பெர்ரி. முதலில் சுங்கை பினாங் கெச்சிலில் நிற்கும், அங்கே இறங்கிவிடாமல் பங்கோர் நகர் வரை உட்கார்ந்திருங்கள்.

லங்காவிக்கு ரயிலையும் யோசித்துப் பாருங்கள். நம் ஊர் நிலையத்தில் இடிஎஸ் விரைவு ரயில் நிற்கிறது. அலோர் ஸ்டாரில் இறங்கினால் கோலக் கெடா துறைமுகம் பக்கம். ஆராவில் இறங்கினால் கோலப் பெர்லிஸ். கோலப் பெர்லிஸிலிருந்து படகுப் பயணம் குறைவு. கடலில் தலைசுற்றுபவர்கள் கூட வந்தால் அதையே தேர்ந்தெடுங்கள்.

பெர்ஹெந்தியானுக்குக் கோலப் பெசுட். இங்கேதான் பலர் கணக்கில் தவறுகிறார்கள். வரைபடத்தில் ஒரு விரல் அளவுதான் தெரியும். ஆனால் கோல கங்சார், லெங்கோங், கிரிக் என்று ஏறி, கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் காட்டைக் கடந்து, ஜெலியில் இறங்கிப் போக வேண்டும். ஐந்து மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிரிக்கில் பெட்ரோலை நிரப்பிவிடுங்கள். அதற்குப் பிறகு தெமெங்கோர் ஏரிப் பாலமும் யானை படம் போட்ட மஞ்சள் பலகைகளும்தான் துணை. அந்தப் பலகை அலங்காரத்துக்கு வைத்தது அல்ல. இருட்டில் அந்தச் சாலையில் போக வேண்டாம். விடிந்த பிறகு கிரிக்கைத் தாண்டுவது போல் புறப்பட்டால் மதியத்துக்குள் படகைப் பிடித்துவிடலாம். மாலை சாய்ந்தால் படகும் இருக்காது, கடலும் காலையைவிட முரண்டு பிடிக்கும். வெள்ளிக்கிழமை போகிறீர்கள் என்றால் மதியத் தொழுகை நேரத்தில் கடைகள் மூடியிருக்கும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். கிளந்தானிலும் திரெங்கானுவிலும் வார விடுமுறை வெள்ளியும் சனியும். உள்ளூர்க் கூட்டம் அந்த இரண்டு நாட்களில்தான்.

தியோமானுக்கு ஜொகூரின் மெர்சிங். பேராக்கிலிருந்து அது அதிகத் தொலைவு. குளுவாங், சிகாமட் பக்கத்துத் தோட்டக் குடும்பங்களுக்கு அதுவே முதல் தேர்வாக இருக்கலாம். மெர்சிங்கில் கடல் வற்றும்போது படகு வெளியேற முடியாது, அதனால் புறப்படும் நேரம் நாளுக்கு நாள் மாறும். முந்தின நாளே விசாரியுங்கள்.

படி 4: கூட வருபவர்களின் முழங்காலைக் கேளுங்கள்

இந்தப் படியை யாரும் செய்வதில்லை. கோலப் பெசுட்டில் ஏறும் விரைவுப் படகு அலைமேல் தாவித் தாவிப் போகும். முன்பக்க இருக்கையில் உட்கார்ந்தவரின் இடுப்பு ஒவ்வொரு தாவலையும் கணக்கு வைத்துக்கொள்ளும். பெரியவர்களைப் பின்பக்கம், இயந்திரத்துக்கு அருகில் உட்கார வையுங்கள். தீவை அடைந்ததும் சில கரைகளில் படகு மணலுக்குச் சற்று முன்பே நின்றுவிடும். செருப்பைக் கையில் பிடித்து, சேலையையோ கால்சட்டையையோ முழங்காலுக்கு மேல் தூக்கி, தண்ணீரில் குதித்து இறங்க வேண்டும். பைகள் தலைக்கு மேல் கைமாறி வரும். இளைஞர்களுக்கு அது வேடிக்கை. மூட்டுவலி உள்ள அத்தைக்கு அது வேடிக்கை அல்ல. துணிகளைப் பெரிய குப்பைப் பையில் கட்டிப் பிறகு பயணப் பையில் போட்டால் நனையாது. பெர்ஹெந்தியானில் கார் ஓடும் சாலை இல்லை. ஒரு கரையிலிருந்து இன்னொரு கரைக்குப் போக வேண்டும் என்றாலும் படகுதான், அல்லது காட்டுப் பாதை.

பங்கோரில் படகுத்துறைப் படியேறியதும் இளஞ்சிவப்பு வேன்கள் வரிசையாக நிற்கும். ஏறி உட்கார்ந்தால் பாசிர் போகாக்கோ தெலுக் நிப்பாவோ, அறை வாசலிலேயே இறக்கிவிடுவார்கள். தெலுக் நிப்பாவில் மாலையில் இருவாச்சிப் பறவைகள் மின்கம்பியில் வந்து அமரும். பாட்டியும் பேரனும் நாற்காலியிலிருந்து எழாமலேயே பார்க்கலாம். மாசிமகத்துக்கு மட்டும் எச்சரிக்கை: பத்திரகாளியம்மன் ஆலயத்துக்கு வரும் கூட்டத்தில் படகு வரிசை நீளும், அறை கிடைப்பது கடினம். கோவிலுக்காகவே போகிறவர்களுக்கு அது திருவிழா. ஓய்வு தேடிப் போகிறவர்கள் வேறு வாரம் பாருங்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு 1874ஆம் ஆண்டின் பங்கோர் உடன்படிக்கை பாடத்தில் உண்டு. பேராக்குக்கு ரெசிடென்ட் என்ற ஆங்கிலேய ஆலோசகர் வந்ததும், இம்மாநிலத்தில் தோட்டங்கள் பெருகியதும், நம்மில் பலரின் பாட்டன் பூட்டன் வந்து சேர்ந்ததும் அதற்குப் பிறகுதான். அதை அந்தத் தீவின் மணலில் உட்கார்ந்து சொன்னால் பிள்ளைகள் கேட்பார்கள் என்று நம்புகிறேன். ஐஸ்கிரீம் வண்டி வரும் வரையாவது.

நீச்சல் தெரியாதவர்கள்தான் நம்மில் அதிகம். பழைய ஈயச் சுரங்கக் குட்டையில் நீந்திப் பழகியவர்களும் கடலில் அந்தத் துணிச்சலைக் காட்ட வேண்டாம், கடலுக்கு இழுப்பு உண்டு. ஜீன்ஸ் போட்டுக்கொண்டு இறங்காதீர்கள், நனைந்தால் கனக்கும். உயிர்காப்பு அங்கியைப் படகிலிருந்து இறங்கியதும் கழற்றி எறியாமல், மூச்சுக்குழாய் வைத்து மீன் பார்க்கும் ஸ்நோர்க்கல் செய்யும்போதும் அணியுங்கள். லங்காவியிலும் பினாங்கிலும் ஜெல்லி மீன் எச்சரிக்கைப் பலகை இருந்தால் கால் வைக்காதீர்கள்.

படி 5: பணக் கணக்கு

ஆள் கணக்கில் வருவது, அறை கணக்கில் வருவது என்று இரண்டாகப் பிரியுங்கள். படகு, பூங்காக் கட்டணம், ஸ்நோர்க்கல் பயணம், சாப்பாடு ஆகியவை ஆள் கணக்கு. எட்டுப் பேர் போனால் அறையைவிட இதுதான் கடிக்கும். ரெடாங்கில் பெரும்பாலும் மூன்று பகல் இரண்டு இரவு என்று படகு, சாப்பாடு, ஸ்நோர்க்கல் எல்லாம் சேர்த்து விற்பார்கள். தொகை பெரிதாகத் தெரிந்தாலும் பிறகு பணப்பையைத் திறக்க வேண்டியதில்லை. பெர்ஹெந்தியானில் தனித்தனியாகக் கொடுக்கலாம், சிக்கனக்காரர்களுக்கு வசதி. ஆனால் ரொக்கம் கொண்டுபோங்கள், தீவில் ஏடிஎம்மை நம்பாதீர்கள்.

பங்கோருக்கு 2020 ஜனவரி முதல் வரிவிலக்கு உண்டு, லங்காவிக்கு 1987 முதல். சாக்லேட்டுக்காகவே ஒரு பையைக் காலியாகக் கொண்டுபோகும் சித்திகள் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. அந்தச் செலவையும் முன்கூட்டியே எழுதிவிடுங்கள். பங்கோரில் நான் வாங்குவது நெத்திலிக் கருவாடு மட்டும்.

படி 6: விடுதிக்குத் தொலைபேசியில் பேசுங்கள்

இணையத்தில் பணம் கட்டும் முன் ஒரு முறை அழைத்துப் பேசுங்கள். படகு நேராகத் துறையில் நிற்குமா, மணலில் இறக்குமா? மின்சாரம் இரவு முழுவதும் உண்டா? குளிரூட்டி வேலை செய்கிறதா? கடல் கொந்தளித்துப் படகு ஓடாவிட்டால் பணம் திரும்ப வருமா, தேதி மாறுமா? கடைசிக் கேள்விக்கு இழுத்து இழுத்துப் பதில் சொன்னால் வேறு விடுதி பாருங்கள்.

புரட்டாசியில் போகிறவர்கள் சாப்பாட்டையும் கேட்க வேண்டும். காய்கறிதான் என்று சொல்லித் தரும் கங்கோங் கீரைப் பிரட்டலில் பெலாச்சான் என்ற இறால் விழுது இருக்கும். "இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் போதாது. மீன், இறால், பெலாச்சான், முட்டை என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி வேண்டாம் என்று கேளுங்கள். ஊறுகாய்ப் புட்டி ஒன்று பையில் இருந்தால் பாதிக் கவலை தீரும்.

முதன்முறை போகிறவர்கள் என்னிடம் ஒரே பெயர் கேட்டால் இப்படிச் சொல்வேன்: ஆண்டு இறுதி என்றால் பங்கோர், தெலுக் நிப்பா, இரண்டு இரவு. ஆண்டின் நடுவில் என்றால் பெர்ஹெந்தியானின் பெரிய தீவான பெர்ஹெந்தியான் பெசார். சிறிய தீவான பெர்ஹெந்தியான் கெச்சிலில் இளைஞர் கூட்டமும் இரவு இசையும் அதிகம், குழந்தைகளோடு போகிறவர்களுக்குப் பெசார்தான் தோது. எனக்கு மிகவும் பிடித்த தீவும் அதுதான். அறையை இப்போதே கேட்டு வையுங்கள். பள்ளி விடுமுறை வாரத்தில் குடும்ப அறைகள்தான் முதலில் தீர்ந்துபோகும்.