பெல்ட்டா, நேரடியா? சின்ன சி.என்.சி. மில்லுக்கு மோட்டார் பூட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தேயிலைத் தொழிற்சாலை பெல்ட்டுகளோடு பழகிய கைகள் மலையகத்தில் நிறைய உண்டு. ஹட்டனிலோ பண்டாரவளையிலோ வீட்டில் வைத்து ஒரு சின்ன மில்லை (உலோகத்தைச் செதுக்கும் இயந்திரத்தை) சி.என்.சி. ஆக்க, அதாவது கணினி சொல்கிறபடி மோட்டாரால் ஓட வைக்க, நினைப்பவருக்கு அந்தப் பழக்கம் கைகொடுக்கும். சில இடத்தில் காலையும் வாரிவிடும். ரோலரை ஓட்டும் வி-பெல்ட் கொஞ்சம் வழுக்கினாலும் கொழுந்து உருளத்தான் செய்யும். மேசையை நகர்த்தும் அச்சில் அப்படி வழுக்கினால் அளவு தப்பி, வெட்டிய துண்டு குப்பைக்குத்தான். கட்டரைச் சுழற்றும் தண்டான ஸ்பிண்டிலுக்கு வி-பெல்ட் போடுங்கள், கட்டர் இறுகிக்கொண்டால் அது வழுக்குவது நல்லதுங்கூட. அச்சுகளுக்குப் பல் வைத்த டைமிங் பெல்ட் மட்டுந்தான். அதையும் வி-பெல்ட் மாதிரி விறைக்க இழுக்கக் கூடாது. அது உராய்வால் பிடிப்பதில்லை, பல்லால் பிடிக்கிறது. அளவுக்கு மீறி இழுத்தால் மோட்டாரின் பேரிங் தேயும்.

எல்லாரையும் மயக்குவது 1:2 புல்லிக் கணக்கு. சின்னப் புல்லி மோட்டாரில், இரண்டு மடங்கு பல் உள்ளது மேசையைத் தள்ளும் ஸ்க்ரூவில், விசை இரட்டிப்பு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஒரு சுற்றுக்கு 5 மி.மீ. நகரும் பால் ஸ்க்ரூவில் (குண்டுகள் உருண்டு ஓடும் ஸ்க்ரூ) மேசை நிமிடத்துக்கு 2000 மி.மீ. ஓட வேண்டுமென்றால், பெல்ட் இல்லாமல் ஸ்க்ரூவோடு நேரடியாகப் பூட்டிய மோட்டார் நிமிடத்துக்கு 400 முறை சுற்றினால் போதும். 1:2 பெல்ட்டில் 800. படிபடியாகச் சுற்றும் ஸ்டெப்பர் மோட்டாரோ வேகம் கூடக்கூட விசையை இழக்கும். விற்பவர் எழுதிவைக்கும் எண், மோட்டார் நிற்கும்போது உள்ள பிடிப்பு விசை. ஆகவே வேகமாக ஓடும்போது, புல்லி கொடுத்ததை மோட்டாரே திருப்பி எடுத்துக்கொள்ளும்.

மெதுவாக வெட்டும்போதோ அந்த இரட்டிப்பு பெரும்பாலும் தேவையே இல்லை. 2 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை 5 மி.மீ. ஸ்க்ரூவில் கணக்குப்படி 2000 நியூட்டனுக்கு மேல் தள்ளும். அவ்வளவு தள்ளினால் சின்ன மில்லின் உடம்புதான் முதலில் நெளியும். வேகத்தில் படி தவறுகிறதென்றால் பவர் சப்ளையைப் பாருங்கள். மோட்டாரை ஓட்டும் மின்சுற்றான டிரைவர் தாங்குமானால் 24 வோல்ட்டை 48 ஆக்குவது புல்லி மாற்றுவதைவிடப் பலன் தரும். நேமா 34 என்ற பெரிய அளவு மோட்டார் வாங்கி அதே 24 வோல்ட்டில் ஓட்டுவது காசைக் கரைக்கும் வேலை.

1:2 உண்மையாகத் தருவது நுணுக்கம். 200 படி மோட்டாரில் ஒரு முழுப் படிக்கு 0.025 மி.மீ. என்பது 0.0125 ஆகும். ஒரு படியைச் சின்னச் சின்னதாகப் பிரிக்கும் மைக்ரோஸ்டெப் ஓட்டத்தை மென்மையாக்கும். சுமை ஏறியபின் அந்த நுணுக்கத்தை அதனிடம் நம்பி எதிர்பார்க்க முடியாது.

இடம் இருந்தால் என் ஓட்டு நேரடிப் பூட்டுக்கே. லய அறையின் ஒரு மூலையில் மில் நிற்கிறது, பின்னால் நீட்டும் மோட்டார் சுவரில் இடிக்கிறது என்றால், 1:1 பெல்ட் போட்டு மோட்டாரைப் பக்கவாட்டில் மடக்குங்கள்.

நேரடியாகப் பூட்டுபவர்கள் மோட்டார் தண்டையும் ஸ்க்ரூவையும் இணைக்கும் கப்ளிங்கில் மிச்சம் பிடிக்கிறார்கள். சுருள் வெட்டு அலுமினியக் கப்ளிங் ஸ்பிரிங் மாதிரி. முறுக்கும்போதும் நெளியும், இழுத்தால் நீளவும் செய்யும். ஸ்க்ரூ முனையில் முன்பின் தள்ளலைத் தாங்கும் பேரிங் இல்லாவிட்டால் அந்த நெளிவு முழுவதும் மேசையில் தெரியும். மேசை ஆடினால் உடனே பெல்ட்டையோ கப்ளிங்கையோ திட்ட வேண்டாம். ஸ்க்ரூவின் முனையில் சின்ன அசைவையும் முள்ளால் காட்டும் டயல் கேஜை வைத்து மேசையை முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். முள் நகர்ந்தால் குற்றவாளி பேரிங்.

கப்ளிங்கிலும் புல்லியிலும் தண்டைப் பிடிக்கும் சின்னத் திருகாணி வழுக்குவதும் வழக்கம். தண்டில் ஒரு தட்டை முகம் அராவிவிடுங்கள். சுற்றை அளக்கும் என்கோடர் வைத்துத் தவறைத் தானே திருத்தும் குளோஸ்ட் லூப் மோட்டார் இதைக் கண்டுபிடிக்கும் என்று நம்ப வேண்டாம், அது தன் தண்டை மட்டுந்தான் பார்க்கிறது.

மேலும் கீழும் போகும் அச்சில் கரண்ட் போவதையும் யோசிக்க வேண்டும். பால் ஸ்க்ரூ தானாகப் பூட்டிக்கொள்ளாது. கனமான தலை கட்டரோடு இறங்கிவிடும். பிரேக் உள்ள மோட்டார் இதைத் தடுக்கும். ஆனால் பெல்ட் அறுந்தால் அந்தப் பிரேக்கால் பயனில்லை, எதிர் எடையோ கேஸ் ஸ்பிரிங்கோ வேண்டும்.

பெல்ட் என்று முடிவானால் அது கைக்கு வரும்வரை மோட்டாரைத் தாங்கும் தட்டில் துளை போடாதீர்கள். மூடிய வளைய பெல்ட்டுகள் குறிப்பிட்ட நீளங்களில்தான் கிடைக்கும். 5 மி.மீ. பல் இடைவெளியில் 300 மி.மீ. பெல்ட்டும் 20 பல் புல்லிகள் இரண்டும் என்றால் மையத்துக்கு மையம் 100 மி.மீ. மோட்டார் துளைகளை நீளவாக்கில் வெட்டினால் இறுக்கம் சரிசெய்யவும் இடம் இருக்கும்.