நல்ல பேஸ் கேபினெட்டை ஏன் விற்கிறார்கள்? செகண்ட் ஹேண்ட் வாங்கப்போகும் புதியவருக்கு ஒரு செய்முறை

பழைய இசைக்கருவி விற்பனைப் பட்டியல்களைக் கொஞ்ச நாள் பார்த்துவந்தால் ஒன்று புலப்படும். மலிவான பேஸ் கேபினெட்டுகள் (பேஸ் கிட்டாரின் ஒலியை வெளியிடும் ஸ்பீக்கர் பெட்டிகள்) நன்றாக உழைத்துக் களைத்த பிறகுதான் விற்பனைக்கு வரும். விலை உயர்ந்தவையோ கீறல்கூட இல்லாமல், உறையோடு வரும். அதே மாடல் சில மாதங்களில் வேறொருவர் பெயரில் மறுபடி வரும். புதிதாக வாசிக்க வந்தவருக்கு இது சந்தேகத்தைத் தரும்: இவ்வளவு நல்ல பொருள் என்றால் ஏன் விற்கிறார்கள்?

பெரும்பாலும் பெட்டியில் குறை இருக்காது. வாங்கியவரின் மேடைக்கோ, முதுகுக்கோ, பெட்டிக்குத் திறன் கொடுக்கும் ஆம்புக்கோ (ஆம்ப்ளிஃபயர்) அது ஒத்துவந்திருக்காது. இதைப் புரிந்துகொண்டால் இரண்டு நன்மை. பிறர் விற்பதை அச்சமில்லாமல் வாங்கலாம். நீங்கள் வாங்கியதைச் சீக்கிரமே விற்க வேண்டிய நிலையும் வராது.

படி 1: விற்பவரிடம் காரணத்தைக் கேளுங்கள்

நேரடியாகக் கேட்டால் பெரும்பாலானோர் சொல்லிவிடுவார்கள். "தூக்க முடியவில்லை", "பேண்ட் கலைந்துவிட்டது", "இப்போது காதில் மாட்டும் மானிட்டரில்தான் வாசிக்கிறேன்", "இரண்டாவது பெட்டி சேர்க்க ஓம் ஒத்துவரவில்லை" என்பவை நல்ல பதில்கள் (ஓம் என்பது மின்தடையின் அளவு; கணக்கு படி 4-இல்). அவை விற்பவரின் வாழ்க்கையைப் பற்றியவை, பெட்டியைப் பற்றியவை அல்ல.

"சத்தம் பிடிக்கவில்லை" என்பதையும் கெட்ட பதிலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உயர்தரக் கேபினெட்டுகள் பலவற்றில் உயர்ந்த ஒலிகளுக்கான சிறிய ஸ்பீக்கரான ட்வீட்டர் இருக்கும். எல்லா அதிர்வெண்களையும் ஒரே சீராகக் கொடுப்பதற்காக அவற்றை வடிவமைத்திருப்பார்கள். பழைய பெட்டி மூடி மறைத்துக்கொண்டிருந்த விரல் உரசலும், தந்தி ஃப்ரெட்டில் (கருவியின் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பியில்) மோதும் சத்தமும் இதில் அப்படியே கேட்கும். பழைய ராக் பேஸின் தடித்த, சற்றே மங்கிய நடுத்தொனியில் பழகிய காதுக்கு இந்தத் துல்லியம் அந்நியமாக இருக்கும். அவர் விற்பார். துல்லியத்தையே தேடிக்கொண்டிருப்பவர் அதை மகிழ்ச்சியோடு வாங்குவார்.

இன்னொரு காரணம் பணம் சார்ந்தது. புதிய பொருளின் விலையில் விழும் பெரிய சரிவை முதல் உரிமையாளரே சுமந்துவிடுகிறார். அதன்பின் நல்ல பெயருள்ள பெட்டியை வாங்கின விலைக்கு அருகிலேயே விற்க முடிகிறது. அதனால் இரண்டாவது, மூன்றாவது கைகளில் அது கிட்டத்தட்ட வாடகைப் பொருள் போலப் புழங்குகிறது. ஒரு பெட்டியைச் சொந்த மேடையில் சில மாதம் கேட்டுப் பார்க்க இதைவிடச் சிக்கனமான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

படி 2: நீங்கள் வாசிக்கும் இடங்களை ஒரு தாளில் எழுதுங்கள்

பெட்டியைப் பற்றி யோசிக்கும் முன் இதைச் செய்யுங்கள். எங்கே வாசிக்கிறீர்கள், டிரம்மர் எவ்வளவு பலமாக அடிப்பார், அரங்கின் பெரிய ஒலிபெருக்கிகளுக்கு உங்கள் பேஸ் தனியாகப் போகிறதா, பெட்டியை யார் தூக்குவார்கள், எந்த வண்டியில் போகும்.

அரங்க ஒலிபெருக்கிகள் பேஸைச் சுமக்கும் மேடைகளில் உங்கள் கேபினெட்டின் வேலை உங்களுக்கும் டிரம்மருக்கும் கேட்பது மட்டும்தான். அதற்கு ஒரே ஒரு 12 அங்குல ஸ்பீக்கர் உள்ள பெட்டியே பெரும்பாலும் போதும். கடையில் மனதைப் பறித்த பெரிய பெட்டி அங்கே கால்வாசி திறனில் முனகிக்கொண்டு நிற்கும். பிறகு விற்பனைப் பட்டியலுக்கு வரும்.

படி 3: எடையைத் தூக்கிப் பார்த்து முடிவெடுங்கள்

1969-இல் ஆம்பெக் நிறுவனம் எஸ்.வி.டி ஆம்பை அறிமுகப்படுத்தியது. அதனோடு வந்த, 10 அங்குல ஸ்பீக்கர்கள் எட்டு கொண்ட கேபினெட்டின் பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது. வாசிப்பவர்கள் அதைக் குளிர்சாதனப் பெட்டி என்றே அழைப்பார்கள். அதன் இன்றைய வடிவம் சுமார் 63 கிலோ. ஒலியில் அதற்கு ஈடு சொல்வது கடினம். ஆனால் மாடிப்படி உள்ள ஒத்திகை அறைக்கு அதைக் கொண்டுபோகிறவர்கள் சீக்கிரமே விற்கத் தொடங்குகிறார்கள்.

கிளாஸ்-டி என்ற எடை குறைந்த வகை ஆம்புகள் வந்தபின் ஆம்ப் ஹெட் (ஸ்பீக்கர் இல்லாத தனி ஆம்ப்) இரண்டு மூன்று கிலோவுக்கு இறங்கிவிட்டது. இப்போது சாமான்களில் கனமானது கேபினெட்தான். நியோடிமியம் காந்தம் வைத்த ஸ்பீக்கர்கள் அந்தக் கனத்தைக் குறைக்கின்றன. 12 அங்குல ஸ்பீக்கர் இரண்டு உள்ள பெட்டிகூட 20 கிலோவுக்குள் கிடைக்கும். வாங்கப்போகும் பெட்டியைத் தனியாளாகத் தூக்கி, வண்டியில் ஏற்றி, இறக்கிப் பாருங்கள். காலையில் தூக்க முடிகிற எடை நள்ளிரவில், நிகழ்ச்சி முடிந்த களைப்பில், வேறாக இருக்கும்.

படி 4: ஓம் கணக்கு

இரண்டு 8 ஓம் பெட்டிகளை இணையாக இணைத்தால் ஆம்புக்கு 4 ஓம் தெரியும். இரண்டு 4 ஓம் பெட்டிகள் என்றால் 2 ஓம். பல ஆம்புகள் 4 ஓமுக்குக் கீழே போக அனுமதிக்காது. உங்கள் ஆம்பின் பின்பக்கத்தில் குறைந்தபட்ச ஓம் அளவு எழுதியிருக்கும். அதைப் படித்துவிட்டுத்தான் வாங்கப் போக வேண்டும்.

"4 ஓம் பெட்டி ஆம்பிலிருந்து முழுத் திறனையும் வாங்கும்" என்று நினைத்து ஒருவர் வாங்குவார். ஆறு மாதம் கழித்து இரண்டாவது பெட்டி சேர்க்க ஆசை வரும், ஆம்ப் இடம் கொடுக்காது. முதல் பெட்டியை விற்று இரண்டு 8 ஓம் பெட்டிகள் வாங்குவார். மறுவிற்பனைக்கு இது மிகச் சாதாரணமான காரணம், தவிர்க்க மிக எளிதானதும்கூட. பின்னாளில் சேர்க்கும் எண்ணம் இருந்தால் முதலிலேயே 8 ஓம் வாங்குங்கள். ஒற்றைப் பெட்டியில் ஆம்பின் திறன் பாதியாகக் குறைந்தாலும் சத்தத்தில் இழப்பு சுமார் 3 டெசிபெல்தான். அதே மாடலில் இன்னொன்றைச் சேர்க்கும்போது தாழ்ந்த ஒலிகளில் 6 டெசிபெல் வரை கூடும்.

படி 5: விவரத்தாளைச் சரியாகப் படியுங்கள்

வாட் எண்ணில் மயங்க வேண்டாம். அந்த எண் பொதுவாக ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச்சுருளான வாய்ஸ் காயில் எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்பதைத்தான் சொல்கிறது. தாழ்ந்த ஸ்வரங்களில் அந்தச் சுருள் சூடாவதற்கு வெகு முன்பே ஸ்பீக்கரின் அசையும் கூம்பான கோன் தன் அசைவின் எல்லையைத் தொட்டுவிடும். 800 வாட் என்று போட்ட பெட்டி 40 ஹெர்ட்ஸில் அதைவிட மிகக் குறைந்த வாட்டிலேயே திணறலாம்.

உணர்திறன் என்ற எண் அதைவிட முக்கியம். ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தூரத்தில் அளந்தால் எத்தனை டெசிபெல் என்பது அது. 100 டெசிபெல் பெட்டி தரும் சத்தத்தை 97 டெசிபெல் பெட்டியில் எடுக்க இருமடங்கு திறன் வேண்டும்.

எவ்வளவு ஆழமாக இறங்குகிறது என்ற எண்ணைப் பார்க்கும்போது, அது 3 டெசிபெல் குறையும் இடமா, 10 டெசிபெல் குறையும் இடமா என்று பாருங்கள். பேஸின் திறந்த ஈ தந்தி 41 ஹெர்ட்ஸ். ஐந்து தந்தி பேஸின் பி தந்தி 31 ஹெர்ட்ஸ். நான் மேலே சொன்ன ஆம்பெக் பெட்டி 58 ஹெர்ட்ஸிலேயே 3 டெசிபெல் குறைந்துவிடுகிறது, 40 ஹெர்ட்ஸில் 10 டெசிபெல் குறைகிறது. அப்படியும் மேடை அதிர்கிறது. அடிப்படை அதிர்வெண் மெலிந்திருந்தாலும் அதன் மடங்குகளான மேல்சுரங்களைக் கேட்டே காது ஸ்வரத்தை உணர்ந்துகொள்ளும். ஆகவே மிக ஆழமாக இறங்குவதற்கென்றே கூடுதல் பணம் கொடுக்குமுன் உங்கள் இசைக்கு அது தேவையா என்று யோசியுங்கள்.

கே.எல்.ஹெச் என்ற ஸ்பீக்கர் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஹாஃப்மன் பெயரால் ஒரு விதி உண்டு. சிறிய பெட்டி, ஆழமான பேஸ், அதிக உணர்திறன் ஆகிய மூன்றில் இரண்டைத்தான் பெற முடியும். இதை மீறும் கேபினெட் கிடையாது. "சிறியது, ஆனால் எல்லாம் செய்யும்" என்ற விளம்பரத்தை நம்பி வாங்கியவர்கள்தான் அடுத்து விற்கிறவர்கள்.

படி 6: கையில் கருவியோடு சோதியுங்கள்

ஒரு டார்ச், ஒரு மல்டிமீட்டர், ஒரு 1.5 வோல்ட் பேட்டரி, உங்கள் பேஸ், உங்கள் ஆம்ப் எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள்.

முதலில் பெட்டியின் மூலைகள். பலகை அடுக்குகள் விட்டுப் பிரிந்திருக்கிறதா, ஸ்பீக்கர் திருகுகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பாருங்கள். முன்பக்க வலையான கிரில்லைக் கழற்ற அனுமதித்தால், விரல்களை வட்டமாக விரித்து இருபுறமும் சமமாக வைத்துக் கோனை மிக மெதுவாக அழுத்துங்கள். சொரசொரவென்று உரசும் சத்தம் வந்தால் வாய்ஸ் காயில் கெட்டிருக்கிறது. அப்போது விலையைக் குறைத்துக் கேளுங்கள் அல்லது வந்துவிடுங்கள்.

அடுத்து மல்டிமீட்டர். ஸ்பீக்கர் கேபிளைப் பெட்டியில் மட்டும் செருகி, மறுமுனையில் அளவெடுங்கள். 8 ஓம் பெட்டி சுமார் 5 முதல் 7 வரை காட்டும். 4 ஓம் பெட்டி 3-க்குச் சற்று மேலே. எழுதியிருப்பதைவிடக் குறைவாகக் காட்டுவது இயல்பு, பயப்பட வேண்டாம். இரண்டு ஸ்பீக்கர் உள்ள 4 ஓம் பெட்டி 6 காட்டினால் ஒன்று செத்துவிட்டது என்று பொருள்.

பிறகு அதே கேபிள் முனையில் பேட்டரியை ஒரு நொடி தொட்டு எடுங்கள். எல்லாக் கோன்களும் ஒரே திசையில் அசைய வேண்டும். ஒன்று மட்டும் எதிர்த்திசையில் போனால், யாரோ பழுதுபார்த்தபோது வயரை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட பெட்டியில் பேஸ் காணாமல் போகும். "இதில் அடித்தளமே இல்லை" என்று சொல்லி ஒருவர் விற்பதற்கு இது காரணமாக இருக்கலாம். இரண்டு வயரை மாற்றினால் சரியாகிவிடும்.

கடைசியாக வாசியுங்கள். ஆம்பை அணைத்துவிட்டுத்தான் கேபிள் செருக வேண்டும். கிட்டார் கேபிளை ஸ்பீக்கர் கேபிளாகப் பயன்படுத்தக் கூடாது. ட்யூப் ஆம்பாக இருந்தால், கேபினெட் இணைக்காமல் ஒருபோதும் போடாதீர்கள்; டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். ஈ தந்தியில் தொடங்கி ஒவ்வொரு ஃப்ரெட்டாக ஏறுங்கள். ஏதோ ஒரு ஸ்வரத்தில் மட்டும் கடகடவென்ற அதிர்வு வந்தால், பலகை இடுக்கிலோ தளர்ந்த திருகிலோ கைப்பிடியிலோ தேடுங்கள். ட்வீட்டரின் குமிழைத் திருப்பி, மெல்லிய இரைச்சல் கூடிக் குறைகிறதா என்று காதை அருகில் வைத்துக் கேளுங்கள்.

மெல்லிய சத்தத்தில் மட்டும் கேட்டு முடிவெடுக்காதீர்கள். ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது: சத்தம் குறையும்போது தாழ்ந்த ஒலிகளைக் காது இன்னும் குறைவாகவே உணர்கிறது. சின்ன அறையில் நிறைவாக இருக்கும்படி பேஸ் குமிழை ஏற்றிவைத்த அமைப்பு, மேடைச் சத்தத்தில் குழகுழவென்று ஆகிவிடும்.

படி 7: பிடிக்கவில்லையா? விற்குமுன் இடத்தை மாற்றுங்கள்

நல்ல கேபினெட்டுகள் அநியாயமாகக் கைமாறுவது இங்கேதான். வாசிப்பவர் கேட்பது பெட்டியை மட்டும் அல்ல, அறையையும் சேர்த்துத்தான்.

பெட்டியின் முகப்பு பின்சுவரிலிருந்து 1 மீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி 2 மீட்டர் கூடுதலாகப் பயணம் செய்து, சுமார் 86 ஹெர்ட்ஸில் நேரடி ஒலிக்கு எதிர்ப்பக்கமாக வந்து சேரும். டி தந்தியின் மூன்றாவது ஃப்ரெட்டில் இருக்கும் எஃப் ஸ்வரம் 87 ஹெர்ட்ஸ். அந்த ஸ்வரம் மட்டும் எங்கேயோ விழுந்துவிடும்; பழி கேபினெட்டின் மேல் விழும். பெட்டியைச் சுவரோடு ஒட்டித் தள்ளுங்கள். அந்தப் பள்ளம் 200 ஹெர்ட்ஸுக்கு அருகே ஏறிவிடும், தாழ்ந்த ஒலிகளுக்குச் சுவரே துணையாகும். மூலையில் வைத்தால் பேஸ் இன்னும் கூடும், சில அறைகளில் அளவுக்கு மீறியும் கூடும். ஒவ்வொரு முறையும் ஓர் அடி நகர்த்தி, ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசித்துக் கேளுங்கள்.

"நான் வாசிப்பது எனக்கே கேட்கவில்லை" என்பது அடுத்த புகார். தரையில் நிற்கும் பெட்டி உங்கள் முழங்காலைப் பார்த்து வாசிக்கிறது. ஸ்வரத்தின் தெளிவு இருக்கும் நடு, உயர் அதிர்வெண்கள் நேராகப் பாய்பவை. அவை காதுக்கு வராமலே பார்வையாளர்களிடம் போய்விடும். நீங்கள் சத்தத்தை ஏற்றுவீர்கள், கிட்டார்காரரும் ஏற்றுவார். ஒரு நாற்காலி மேல் உறுதியாக வையுங்கள், அல்லது பின்னால் சாய்த்து வையுங்கள். இரண்டு பெட்டி இருந்தால் பக்கவாட்டில் வைக்காமல் ஒன்றன்மேல் ஒன்றாக நிமிர்த்தி அடுக்குங்கள். உள்ளே வெற்றிடம் உள்ள மரமேடையில் ஊதலாக ஒலித்தால் அடியில் கனமான ஃபோம் போடுங்கள். ஆம்பில் மிகத் தாழ்ந்த ஒலிகளை வெட்டும் ஹைபாஸ் ஃபில்டர் இருந்தால் 35 ஹெர்ட்ஸ் அருகே வையுங்கள். கோன் வீணாகத் துடிப்பது நின்று ஒலி இறுகும்.

இத்தனையும் செய்து, குறைந்தது மூன்று வேறு அறைகளில் கேட்ட பிறகும் மனம் ஒப்பவில்லை என்றால் தாராளமாக விற்கலாம்.

படி 8: விற்கும்போது

கனமான பெட்டியை அனுப்பும் செலவு லாபத்தைத் தின்றுவிடும். நேரில் வந்து எடுத்துச்செல்பவருக்கே கொடுங்கள். விளம்பரத்தில் ஓம், எடை, வெளி அளவுகள், மல்டிமீட்டர் காட்டிய எண், மாற்றப்பட்ட ஸ்பீக்கர் ஏதேனும் உண்டா என்பதை எல்லாம் எழுதுங்கள். பின்பக்கப் பலகையின் படமும் வேண்டும், அதில் உள்ள விவர முத்திரையைத்தான் விவரம் தெரிந்தவர் முதலில் பார்ப்பார். ஏன் விற்கிறீர்கள் என்பதை ஒரே வரியில் உண்மையாகச் சொல்லுங்கள். வருபவர் தன் சொந்த ஆம்பைக் கொண்டுவந்து, அரை மணி நேரமாவது உரக்க வாசித்துப் பார்க்க இடம் கொடுங்கள்.