எஸ்டிஎன்-இல் பாதை கணக்கிடுதல்: முதலில் தாளில் போட்டுப் பார்ப்போம்

எஸ்டிஎன் என்பது கன்ட்ரோலர் என்ற ஒரு மைய மென்பொருள் எல்லாச் சுவிட்சுகளுக்கும் வழிசொல்லும் வலையமைப்பு. வலையமைப்பைக் கணினியிலேயே பாவனை செய்யும் மினிநெட், கன்ட்ரோலர் எழுத உதவும் ரியூ எல்லாம் அப்புறம் நிறுவிக்கொள்ளலாம். இப்போது தாளில் எஸ்1 முதல் எஸ்4 வரை நான்கு சுவிட்சுகளை வரையுங்கள். லிங்க் செலவுகள் இவை: எஸ்1–எஸ்2 10, எஸ்1–எஸ்3 4, எஸ்3–எஸ்2 3, எஸ்2–எஸ்4 10, எஸ்3–எஸ்4 15. எஸ்1-இல் ஒரு கணினி, எஸ்4-இல் இன்னொன்று. ஓஎஸ்பிஎஃப் என்ற வழிகாட்டல் நெறிமுறையில் ஒவ்வொரு ரவுட்டரும் தானே பாதையைக் கணக்கிடும். இங்கே அந்த வேலை முழுக்கக் கன்ட்ரோலருடையது, எந்தப் பாக்கெட்டை எந்தப் போர்ட் வழியாக அனுப்புவது என்று தன் அட்டவணையில் இருக்கும் விதிகளை மட்டும் சுவிட்ச் செய்யும்.

முதல் படி, வரைபடம். கன்ட்ரோலர் ஒவ்வொரு போர்ட் வழியாகவும் ஓர் எல்எல்டிபி பாக்கெட்டை, அதாவது பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று கண்டறியும் செய்தியை, அனுப்பச் சொல்லும். பக்கத்துச் சுவிட்ச் அதை வாங்கிக் கன்ட்ரோலருக்கே அனுப்பிவிடும், அதற்குள் 'எஸ்1, போர்ட் 2' என்று இருக்கிறது, வந்து சேர்ந்ததோ எஸ்3-இன் போர்ட் 1-இல், ஆக இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு லிங்க் இருக்கிறது. செலவை நாம்தான் கொடுக்க வேண்டும்.

அடுத்து, செலவு குறைந்த பாதையைக் கண்டுபிடிக்க டெய்க்ஸ்ட்ரா 1959-இல் வெளியிட்ட முறை. எஸ்1-க்கு 0. அங்கிருந்து எஸ்3-க்கு 4, எஸ்2-க்கு 10. சிறியது 4, அதை உறுதி செய்யுங்கள். எஸ்3 வழியாகப் போனால் எஸ்2 7-க்கே கிடைக்கிறது, பழைய 10-ஐ அடித்துவிடுங்கள், எஸ்4-க்கு 19 என்று குறியுங்கள். இப்போது சிறியது எஸ்2, அதன் வழியே எஸ்4-க்கு 17. முடிந்தது: எஸ்1, எஸ்3, எஸ்2, எஸ்4. அதிக சுவிட்சுகளைத் தாண்டினாலும் செலவு இதில்தான் குறைவு.

இனி விதிகளை இறக்க வேண்டும், புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். கடைசிச் சுவிட்சிலிருந்து தொடங்குங்கள்: எஸ்4, எஸ்2, எஸ்3, கடைசியாக எஸ்1. எஸ்1-இல் முதலில் போட்டால் பாக்கெட் கிளம்பிப் போய், இன்னும் விதி வந்து சேராத எஸ்3-இல் நிற்கும், அங்கிருந்து கன்ட்ரோலருக்கு இன்னொரு பாக்கெட்-இன் ('இந்தப் பாக்கெட்டை என்ன செய்வது?' என்று சுவிட்ச் கேட்கும் செய்தி) வரும். திரும்பி வரும் பாதைக்கும் தனியாக விதி போடுங்கள், பிங் போகிறது ஆனால் பதில் வரவில்லை என்றால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். இன்னொன்று, இந்தப் படத்தில் சுழற்சி இருக்கிறது, அதனால் ஏஆர்பி-யை (ஒரு ஐபி முகவரிக்குரிய மேக் முகவரியைக் கேட்கும் செய்தியை) எல்லாப் போர்ட்டிலும் கண்மூடித்தனமாக ஃப்ளட் செய்யாதீர்கள், அது சுற்றிக்கொண்டே இருந்து வலையமைப்பையே அடைத்துவிடும்.

சரி, எஸ்3–எஸ்2 கோட்டை அழியுங்கள். போர்ட் விழுந்த செய்தி கன்ட்ரோலருக்கு வரும், மறுபடி கணக்கிட்டால் எஸ்1, எஸ்3, எஸ்4, செலவு 19. எந்த விதிகள் மாறுகின்றன என்று பாருங்கள்: போகும் திசையில் எஸ்3 மட்டும், திரும்பும் திசையில் எஸ்4 மட்டும். எஸ்2-இல் கிடக்கும் பழைய விதிகளை நீக்கிவிடுங்கள், எஸ்1-ஐத் தொடவே வேண்டாம்.