மே மாதத்தில் மூன்று ஸ்டேஜ் ரேஸ்: நடுவில் வரும் அந்த ஏழு நாட்கள்

ஸ்பெயினில் மே மாதம் வந்துவிட்டால் பெண்கள் சைக்கிள் பந்தயத்தில் மூச்சுவிட நேரம் இருக்காது. வுவெல்தா ஃபெமெனினா முடிந்த கையோடு பாஸ்க் பகுதியில் இட்சூலியா, அங்கே நனைந்த ஷூ காய்வதற்குள் பூர்கோஸ் மாகாணத்தில் இன்னொன்று. மூன்றுமே ஸ்டேஜ் ரேஸ், அதாவது நாளுக்கு ஒரு கட்டமாக (ஸ்டேஜ்) ஓட்டி, எல்லா நாளின் நேரத்தையும் கூட்டி வெற்றியாளரைத் தீர்மானிக்கும் பந்தயம். 2024 கணக்கைப் பாருங்கள்: ஏப்ரல் 28 முதல் மே 5 வரை எட்டு நாள், மே 10 முதல் 12 வரை மூன்று நாள், மே 16 முதல் 19 வரை நான்கு நாள். மொத்தம் 22 நாளில் 15 நாள் பந்தயம், 7 நாள் இடைவெளி. நெதர்லாந்து வீராங்கனை டெமி வோலரிங் அந்த ஆண்டு மூன்றையுமே வென்றார். அவர் கதை வேறு. முதல் முறையாக மூன்றுக்கும் பெயர் கொடுத்திருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வருவது அந்த 7 நாளைப் பற்றித்தான். பந்தய நாளில் என்ன செய்ய வேண்டும் என்று காதில் சொல்ல டீம் காரில் ஆள் இருக்கும், இடைவெளியில் ஹோட்டல் அறையில் நீங்களும் உங்கள் பதற்றமும் மட்டும்தான்.

அந்தப் பதற்றம் முதல் நாளே வேலையைக் காட்டும். திங்கட்கிழமை காலை கால் கனமாக இருக்கும், உடனே "ஃபார்ம் போய்விட்டதோ" என்று மூன்று மணி நேரம் ஓட்டக் கிளம்புவார்கள். கிளம்பாதீர்கள். நான்கு நாள் இடைவெளி இருந்தால் முதல் நாள் முழு ஓய்வு, இல்லை என்றால் காபி குடிக்கப் போவது போல ஒரு மணி நேரம். இரண்டாவது நாள் ஒன்றரை மணி நேரம், பேசிக்கொண்டே ஓட்டும் வேகத்தில். மூன்றாவது நாள் மனசு கேட்டால் இரண்டு மணி நேரம், அதற்கு மேல் வேண்டாம். பந்தயத்துக்கு முந்தின நாள் மட்டும் ஒரு மணி நேரத்துக்குள் மூன்று நான்கு முறை ஒரு நிமிடம் போல அழுத்தி ஓட்டிவிட்டு இறங்கிவிடுங்கள், இல்லாவிட்டால் மறுநாள் முதல் ஏற்றத்தில் கால் தூங்கிக்கொண்டிருக்கும். இந்த நான்கு நாளில் புதிதாக வலிமை எதுவும் சேராது, இருப்பதை வீணாக்காமல் இருந்தால் போதும். மூன்று நாள் இடைவெளி என்றால் மூன்றாவது நாளை வெட்டிவிடுங்கள், அவ்வளவுதான்.

பயணம் இன்னொரு தொல்லை. கடைசி ஸ்டேஜ் முடிந்த அன்றே வண்டியில் பல மணி நேரம் மடங்கி உட்கார்ந்து போக வேண்டியிருக்கும். கிளம்பும் முன் பத்து நிமிடமாவது ரோலரில் (நின்ற இடத்திலேயே சைக்கிள் மிதிக்க உதவும் கருவி) மெதுவாக மிதியுங்கள், வழியில் இரண்டு இடத்திலாவது நிறுத்தச் சொல்லி நடந்துவிட்டு வாருங்கள். சாப்பாட்டை "ஊர் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடுவதுதான் பெரிய தவறு. பந்தயம் முடிந்த முதல் சில மணி நேரத்தில் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் மணிக்கு ஒரு கிராம் மாவுச்சத்து என்பது பொதுவான கணக்கு. 55 கிலோ இருப்பவருக்கு மணிக்கு 55 கிராம், அதாவது கிட்டத்தட்ட 200 கிராம் வடித்த சோறு. ஆமாம், சோறுதான். காலையில் சோறும் ஆம்லெட்டும், சட்டைப்பையில் சோற்றை அழுத்தி வெட்டிய துண்டுகள் என்று ஐரோப்பிய டீம்களே சாப்பிடுகின்றன, நமக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஓட்டும்போது மணிக்கு 60 முதல் 90 கிராம் உள்ளே போக வேண்டும். ஆனால் 90ஐ முதல் முறையாகப் பந்தயத்தில் முயன்றால் வயிறு பழிவாங்கிவிடும், பயிற்சியில் பல வாரம் பழக்கிய பிறகுதான். இடைவெளி நாட்களில் ஓட்டம் குறைவு என்று தட்டைக் குறைக்கிறார்களே, அவர்கள்தான் பூர்கோஸில் இரண்டாவது நாளே கடைசிக் கும்பலில் இருப்பார்கள்.

கும்பல் என்றதும் ஒன்று. 15 நாளும் முழு வேகத்தில் ஓட்ட யாராலும் முடியாது. டீமோடு முன்கூட்டியே பேசி எந்த நாள் உங்களுடையது, எந்த நாள் டீம் தலைவிக்கு பாட்டில் சுமக்கும் நாள், எந்த நாள் வெளியேற்றப்படாமல் இருக்க நேர வரம்புக்குள் வந்தால் போதும் என்று குறித்துக்கொள்ளுங்கள். இது தோல்வி மனப்பான்மை இல்லை. 2023இல் வோலரிங் இருந்த டீமிலேயே இட்சூலியாவை வென்றவர் மார்லென் ரோய்சர். அதே ரோய்சர் 2025இல் வுவெல்தாவில் இரண்டாவதாக வந்து, மாதக் கடைசியில் பூர்கோஸை வென்றார். ஒரு பந்தயத்தில் கிடைக்காதது அடுத்ததில் கிடைக்கலாம், அதற்குக் காலில் கொஞ்சம் மிச்சம் இருக்க வேண்டும்.

அடுத்து, வெளியே யாரும் பேசாத விஷயம், ஒன்றுக்குப் போவது. 2023 வுவெல்தாவின் ஆறாவது ஸ்டேஜில் மொத்தக் கணக்கில் முதலிடத்தில் இருப்பவர் அணியும் தலைமைச் சட்டையில் இருந்த வோலரிங் அதற்காக நின்ற நேரத்தில் பக்கக்காற்று வீசும் சாலை வந்தது, மோவிஸ்டார் டீம் முன்னால் வேகத்தைக் கூட்ட, பெலட்டான், அதாவது சேர்ந்து ஓட்டும் பெரிய கூட்டம், துண்டு துண்டானது. அன்று இழந்தது ஒரு நிமிடத்துக்கும் மேல். மறுநாள் லாகோஸ் தே கோவதோங்கா ஏற்றத்தில் ஜெயித்தும், மொத்தக் கணக்கில் மோவிஸ்டாரின் அனமீக் வான் ஃப்ளூட்டனிடம் 9 விநாடியில் தோற்றார். தலைவி நின்ற நேரத்தில் மோவிஸ்டார் வேகம் கூட்டியது சரியா தவறா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை, எனக்கு அதில் கருத்து உண்டு, இங்கே வேண்டாம். நீங்கள் செய்ய வேண்டியது இதுதான்: முந்தின இரவே வரைபடத்தில் சாலை எங்கே திரும்புகிறது, காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து, நிற்பதற்குப் பாதுகாப்பான இரண்டு இடங்களைக் குறித்து வையுங்கள். தனியாக நிற்காதீர்கள். பின்பக்கம் இறக்கக்கூடிய பிப் ஷார்ட்ஸ் (தோளில் பட்டி மாட்டும் சைக்கிள் ஷார்ட்ஸ்) வாங்கிக்கொண்டால் சட்டையைக் கழற்ற வேண்டியதில்லை, அரை நிமிடம் மிச்சம்.

ஷார்ட்ஸ் பற்றிய பேச்சிலேயே: பந்தயம் முடிந்ததும் முதல் வேலையாக அதைக் கழற்றிவிட்டுக் குளியுங்கள். ஈரத்தோடு பஸ்ஸில் உட்கார்ந்து போனில் முடிவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தால் சேடில் புண் (இருக்கை உரசி வரும் புண்) நிச்சயம், அது வந்தபின் எந்த கிரீமும் மூன்று நாளில் ஆற்றாது. இட்சூலியாவுக்குக் கூடுதலாக இரண்டு ஜோடி கையுறையும் நல்ல மழைக்கோட்டும் வேண்டும், பாஸ்க் மழையை நம்ப முடியாது.

மாதவிடாய் தேதியைப் பயிற்சிக் குறிப்போடு சேர்த்தே எழுதுங்கள். அதைத் தள்ளிப்போட இந்த மூன்று வாரத்துக்குள் புதிய மாத்திரை எதையும் ஆரம்பிக்க வேண்டாம். மூன்று மாதமாக வரவே இல்லை என்றால் "நன்றாக மெலிந்திருக்கிறேன்" என்று சந்தோஷப்படாமல் மருத்துவரைப் பாருங்கள், சாப்பாடு போதவில்லை என்பதற்கு அது ஒரு அடையாளம். இரும்புச் சத்துப் பரிசோதனையை ஏப்ரலுக்கு முன்பே முடித்துவிடுங்கள். சளி பிடித்தால் கடையில் கேட்டு மாத்திரை போடாதீர்கள், சில சளி மருந்துகளில் இருக்கும் சூடோஎஃபெட்ரின் பந்தய நேரத்தில் அளவு மீறினால் ஊக்கமருந்துக் கணக்கில் வரும். காய்ச்சல் என்றால் பேச்சே இல்லை, வீட்டுக்குப் போங்கள். 2022 டூர் டி பிரான்ஸ் பெண்கள் பந்தயத்தின் ஆரம்பத்தில் வயிறு கெட்டுப்போன வான் ஃப்ளூட்டன் கடைசியில் ஜெயித்ததைக் காட்டி வாதாடாதீர்கள். அது விதிவிலக்கு, அதுவும் வான் ஃப்ளூட்டன்.

கடைசியாக, பூர்கோஸ். முடிவுக் கோட்டைப் பல முறை லாகுனாஸ் தே நெய்லா மலையில்தான் வைத்திருக்கிறார்கள், அதன் மேல் பாதி நல்ல செங்குத்து. உங்கள் வருடத்திலும் அது இருந்தால் முந்தின இரவே மெக்கானிக்கைப் பிடித்து, முதல் வாரத்தில் போட்டதைவிட ஒரு படி இலகுவான கியர் போடச் சொல்லுங்கள். மூன்று வாரம் மிதித்த கால் அது, முதல் நாள் சுற்றிய கியர் அங்கே சுற்றாது. அவர் சிரித்தால் சிரிக்கட்டும்.