தேக்கு விலையில் வாங்கிய தூண்: வாதத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடியில் கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பட்டிமன்றப் பயிற்சி கொடுக்கிறேன். 1939இல் சா. கணேசன் கம்பன் கழகத்தைத் தொடங்கிய ஊர். மேடைப் பேச்சு இங்கே புதிதில்லை. போன வாரம் ஒரு பையன் எழுந்து, "நன்றாகப் படித்தால் நல்ல வேலை கிடைக்கும். இவருக்கு நல்ல வேலை கிடைத்திருக்கிறது. ஆகவே இவர் நன்றாகப் படித்தவர்" என்றான். எல்லாரும் கைதட்டினார்கள். எனக்கு வயிறு எரிந்தது. அதே தப்புக்கு நான் நாற்பதாயிரம் ரூபாய் கொடுத்தவன்.

கத்திப் பேசாதே, நேரம் மீறாதே என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

"என்றால்" என்பதைத் திருப்பிப் போடுவது

பன்னிரண்டு வருடத்துக்கு முன் திண்ணைக்கு இரண்டு மரத்தூண் தேடினேன். எங்கள் ஊரில் பழைய சாமான் கடைகளுக்குக் குறைவில்லை. இடித்த பழைய வளவு வீடுகளின் நிலை, கதவு, தூண் எல்லாம் அங்கே வந்து சேரும். ஒரு கடைக்காரர் தூணைப் புரட்டி அடிப்பகுதியைக் காட்டினார். "பர்மா தேக்குங்க. தேக்கைக் கரையான் தொடாது. பாருங்க, ஒரு ஓட்டை இருக்கா?" குனிந்து பார்த்தேன், விரலால் தட்டினேன். ஓட்டை இல்லை. சரி, தேக்குதான் என்று பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.

தூண் நட வந்த ஆசாரி ஓரத்தில் இழைப்புளியை ஓட்டினார். சீவலை முகர்ந்தார். ஒன்றும் பேசாமல் கண்ணாடி டம்ளரில் தண்ணீர் கேட்டு, சீவலை அதில் போட்டு வெயிலில் வைத்தார். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் மஞ்சளாகி, ஓரத்தில் நீலம் மினுங்கியது. "இது வேங்கைங்க. தேக்கு இப்படி நீலம் காட்டாது."

வேங்கையையும் கரையான் லேசில் தொடாது. அங்கேதான் கோட்டை விட்டேன். தேக்கு என்றால் கரையான் அரிக்காது என்றே வைத்துக்கொள்வோம். கரையான் அரிக்கவில்லை என்றால் தேக்கு என்று யார் சொன்னது? கடைக்காரர்கூடச் சொல்லவில்லை, நானாகத்தான் திருப்பிப் போட்டுக்கொண்டேன். ஆசாரியின் வழி வேறு: தேக்கு நீலம் காட்டாது, இது காட்டுகிறது, ஆகவே இது தேக்கு இல்லை. ஒன்றை இல்லை என்று தள்ள அந்த வழி செல்லும். என் வழியில் எதையும் நிலைநாட்ட முடியாது.

மணிமேகலையின் 29ஆம் காதையில் இந்த அளவை நூல், அதாவது தர்க்கப் பாடமே இருக்கிறது. மலையில் நெருப்பு இருக்கிறது, புகை தெரிவதால், அடுக்களையைப் போல. முதலாவது பக்கம், அதாவது நிலைநாட்ட வேண்டியது; அடுத்தது ஏது, அதாவது காரணம்; மூன்றாவது திட்டாந்தம், அதாவது எடுத்துக்காட்டு. இதையே திருப்பி, நெருப்பு இருப்பதால் புகை இருந்தாக வேண்டும் என்று சொல்லிப் பாருங்கள், தெருமுனை இஸ்திரிக்காரர் சிரிப்பார். அவர் பெட்டியில் கரி கனன்று கிடக்கும், புகை இருக்காது.

"ஆகவே" என்று வாய் திறக்கும் முன், இது வேறு எதனாலும் இப்படி ஆகுமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பையனிடம் கேட்டேன், நல்ல வேலை வேறு எப்படிக் கிடைக்கும் என்று. "மாமா சிபாரிசு சார்" என்றான். இப்போதும் கைதட்டினார்கள்.

வடிவம் சரியென்றால் போதும் என்பது

தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் எல்லாம் சூளையில் சுட்டது. எங்கள் வீட்டு முகப்பில் இருப்பது ஆத்தங்குடிக் கல். ஆகவே அது சுட்டது. கோர்த்த விதத்தில் குற்றமே இல்லை. ஆனால் முதல் கூற்றே பொய். கண்ணாடி மேல் வண்ணக் கலவையை ஊற்றி, அதன்மேல் சிமெண்டும் மணலும் இட்டு, தண்ணீரில் ஊறவைத்துக் காயவைப்பது அந்தக் கல். சூளைப் பக்கமே போவதில்லை.

நிற்பதை மட்டும் எண்ணுவது

"நூறு வருட வீடுகள் அப்படியே நிற்கின்றன, அந்தக் காலத்துக் கட்டடம் எல்லாமே உறுதி" என்பார்கள். விழுந்தவை கண்ணில் படாது. இடித்த வீடெல்லாம் உறுதியில்லாதது என்று எதிர்ப்பக்கம் பாயவும் வேண்டாம். பங்காளிகளுக்குள் பிரிக்க முடியாமல் இடித்ததும் உண்டு.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது

அடுத்தடுத்து நடந்ததாலேயே ஒன்று மற்றதற்குக் காரணம் ஆகிவிடாது. காக்கையை விட்டுவிடுங்கள்.

ஆளைப் பார்ப்பது

"எப்பொருள் யார்யார்வாய்" என்று குறளை முழங்கிவிட்டு, அடுத்த மூச்சில் "இவர் சொல்வதை எப்படி நம்புவது?" என்கிறார்கள்.

வாதம் தப்பு, அதனால் முடிவும் தப்பு என்பது

ஓட்டை வாதத்தின் முடிவு தற்செயலாக உண்மையாகவும் இருக்கலாம். அந்தப் பையன் சொன்னவர் நிஜமாகவே நன்றாகப் படித்தவராக இருக்கலாம், விசாரித்தால்தான் தெரியும். என் தூணை விசாரித்தாயிற்று. வேங்கைதான். திண்ணையில் இன்னும் கரையான் தொடாமல் நிற்கிறது.