“சொன்னாக” வினைச்சொல்தான்: கணினிக்குச் சொல்லிக்கொடுத்த கதை

பாம்பன், மண்டபம், தொண்டிப் பக்கம் கடலுக்குப் போகிறவர்களின் பேச்சைப் பதிவுசெய்து எழுத்தாக்கி, ஒவ்வொரு சொல்லும் பெயரா வினையா என்று கணினியைக் குறிக்கச் சொன்னேன். வினைகள்தான் படுத்தி எடுத்துவிட்டன.

“அவுக நேத்தே சொன்னாக” என்பதில் “சொன்னாக” வினையடை என்று வந்தது. காரணம் இருக்கிறது. கணினி கற்றுக்கொண்டது யுனிவர்சல் டிபென்டன்சீஸ் (பல மொழி வாக்கியங்களுக்கு இலக்கணக் குறிப்புப் போட்டுத் தொகுக்கும்) திட்டத்தின் டிடிபி (TTB) தமிழ்த் தொகுப்பிலிருந்து. அதில் உள்ளவை 600 வாக்கியங்கள், எல்லாம் செய்தி நடை. எழுத்துத் தமிழில் “ஆக” என்று முடிந்தால் அழகாக, வேகமாக மாதிரி பெரும்பாலும் வினையடைதான். “சொன்னார்கள்” என்பதை நம்ம ஊரில் இப்படிச் சொல்வோம் என்று அதற்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

விகுதியை மட்டும் பார்த்து விதி எழுதினால் “நன்றாக” வினையாகிவிடும். அதனால் சொல் வாக்கியக் கடைசியில் நிற்கிறதா, அடுத்து “ன்னு” வருகிறதா, முன்னால் “அவுக” உண்டா என்பதையும் விகுதியோடு சேர்த்து சிஆர்எஃப் (CRF) மாதிரிக்குக் கொடுத்தேன்; அக்கம்பக்கத்தையும் பார்த்துச் சொல்லுக்குக் குறி போடும் கணினி முறை அது. சரி, பேச்சில் முற்றுப்புள்ளி ஏது? ஒலிப்பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டு, பேச்சு நிற்கிற இடம் பார்த்து வாக்கியம் பிரித்தேன். அலுப்பான வேலை, ஆனால் பாதிப் பலன் அதில்தான் கிடைத்தது.

அப்புறம் நம்ம பக்கத்துப் பேச்சையே கையால் குறித்துப் பயிற்சியில் சேர்த்தேன். வந்தாக, போனாக, இழுத்தாக எல்லாம் இப்போது வினையாக வருகின்றன. கச்சான், கொண்டல், சோழகம் போன்ற காற்றுப் பெயர்களுக்குச் சிறு சொற்பட்டியலே போதும்.

சோதிக்கும்போது சிலருடைய பதிவுகளை முழுசாகத் தனியே எடுத்து வையுங்கள். ஒரே ஆளின் பேச்சு பயிற்சியிலும் சோதனையிலும் இருந்தால் மதிப்பெண் பொய்யாக ஏறும்.